வாசகர் கேள்வி–பதில்: அதிரும் கிட்டாரும் அடங்கும் கிட்டாரும்

கூச்சல் என்று நாம் கதவைச் சாத்திக்கொள்ளும் இசைக்குள்ளும் ஒரு தாலாட்டு ஒளிந்திருக்கக்கூடும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை கனத்த கிட்டார் முழக்கமும் நீண்டு தாளம் மாறும் அமைப்பும் கொண்ட, புரோகிரசிவ் மெட்டல் என்று அழைக்கப்படும் ராக் இசையையும், அந்த இசையில் கதை சொல்லும் ஆல்பங்களையும் பற்றியவை என்பதால் இந்த இதழ் முழுவதும் அதற்கே போகிறது. பழைய வயலினுக்கு மெருகு போடுவது பற்றிக் கேட்டிருந்த நெல்லிக்குப்பம் வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து ‘ஸ்டில் லைஃப்’ என்ற ஒரே ஆல்பத்தை ஒரு மணி நேரம் கேட்கிறான். மெல்லிய கிட்டார் ஒன்று கேட்கும். அடுத்த நிமிடமே புலி உறுமுவது போல ஒரு குரல். மறுபடியும் மெல்லிய கிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால், ‘இது ஒரே கதை அப்பா, நடுவில் எழுந்து வரக் கூடாது’ என்கிறான். பாட்டு எப்படி ஒரே கதை ஆகும்? பையனுக்கு மனதில் ஏதாவது குறையா?
— மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்

பதில்: குறை எதுவும் இல்லை ஐயா, உங்கள் மகன் சொன்னதும் சரிதான். உங்கள் மாவட்டத்துக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘வருகலாமோ’வை மாஞ்சி ராகத்தில் யாராவது நன்றாகப் பாடினால், கச்சேரியில் தனியாகக் கேட்டாலும் மனம் இளகும். ஆனால் நந்தனார் சரித்திரத்தை முதலிலிருந்து கேட்டு, ஆண்டையிடம் கெஞ்சியதையும் நாற்பது வேலி நிலம் ஒரே இரவில் விளைந்ததையும் கடந்து, சிதம்பரத்தின் எல்லையில் வந்து தயங்கி நிற்கும் மனிதனின் வாயிலிருந்து அதைக் கேட்கும்போது அதே பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது. கான்செப்ட் ஆல்பம் என்பதும் இதுதான்: பாடல்கள் ஒரு வரிசையில் நின்று, முன்னால் வந்தது பின்னால் வருவதற்குப் பொருள் கொடுக்க, எல்லாம் சேர்ந்து ஒரு கதையையோ ஒரு கருத்தையோ நடத்திச் செல்வது. மேற்கத்திய ராக் இசையில் 1969-ல் ‘தி ஹூ’ குழுவின் ‘டாமி’யும், 1979-ல் பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ ஆல்பமும் இதைப் பரவலாக்கின. மெட்டலில் 1988-ல் வந்த குவீன்ஸ்ரைக் குழுவின் ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’ ஒரு முக்கியமான படி.

உங்கள் மகன் கேட்கும் ‘ஸ்டில் லைஃப்’, சுவீடனைச் சேர்ந்த ஓபெத் குழு 1999-ல் வெளியிட்ட ஆல்பம். ஏழே பாடல்கள், மொத்தம் ஏறக்குறைய 62 நிமிடம். முதல் பாடல் மட்டும் பதினோரு நிமிடத்தைத் தாண்டும். மதநம்பிக்கை இல்லாதவன் என்று ஊரார் துரத்திவிட்ட ஒருவன், பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தன் காதலி மெலிண்டாவைத் தேடி அதே ஊருக்குத் திரும்புகிறான். இரவோடு இரவாகத் தன்னுடன் வந்துவிடும்படி அவளை அழைக்கிறான். அவளோ வேறொரு வாக்குக்குக் கட்டுப்பட்டவளாகிவிட்டாள். மனம் மட்டும் இன்னும் அவனிடம் இருக்கிறது. ஊர் அவளைக் கொல்கிறது, அவன் ஊரைக் கொல்லப் புறப்படுகிறான், கடைசியில் அவனைத் தூக்கிலிடுகிறார்கள். நந்தனாரின் கதையில் பக்தனை உள்ளே விடாத ஊர். இங்கே பக்தியில்லாதவனை வெளியே தள்ளிய ஊர். ஊர் மாறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்குப் புதிராகப் பட்ட இரண்டு குரல்களுக்கு வருகிறேன். இரண்டும் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் என்ற ஒரே பாடகருடையவை. கிட்டார் வாசிப்பவர்களில் ஒருவரும் அவரே. மூன்றாவது பாடலான ‘பினைட்டட்’ ஏறக்குறைய முழுவதும் அகூஸ்டிக் கிட்டாரில், அதாவது மின்சாரம் இல்லாத மரக் கிட்டாரில், ஓடுகிறது. காதலியை அவன் அழைக்கும் பாடல் அது, உறுமல் அதில் ஒரு சொல்லுக்குக்கூட இல்லை. ஐந்தாவதான ‘ஃபேஸ் ஆஃப் மெலிண்டா’வில் டிரம்ஸைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் வருடித் தொடங்குகிறார்கள்; அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசுமிடம் அது. அவள் இறந்த பிறகு வரும் ஆறாவது பாடலில்தான் அந்தப் புலிக்குரல் முழுவதுமாக அவிழ்த்துவிடப்படுகிறது. அதாவது, கதையில் நடக்கவேண்டிய முக்கியமான பேச்சுகள் எல்லாம் மெல்லிய பகுதிகளில் நடந்துவிடுகின்றன; அந்தப் பேச்சு பொய்த்துப்போனதன் விளைவைத்தான் அதிரும் பகுதிகள் சொல்கின்றன. மெல்லிய இடங்களைச் சத்தத்துக்கு நடுவே காதுக்குக் கொடுத்த ஓய்வு என்று எண்ணிக் கேட்பவர்களுக்குக் கதை பிடிபடாமல் போவது இதனால்தான்.

அடுத்த முறை மகன் வரும்போது கதவைத் தட்டி, ஐந்தாவது பாடலிலிருந்து மட்டும் கூட உட்கார்ந்து கேளுங்கள். சாப்பாடு ஆறினால் சூடு செய்துகொள்ளலாம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. அகூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். சிறு வயதில் ஐந்து ஆண்டுகள் வாய்ப்பாட்டும் கற்றிருக்கிறேன். அகூஸ்டிக்கிலிருந்து டிஸ்டார்ஷனுக்கு இவர்கள் தாவும்போது பாட்டு இரண்டாக உடையாமல் இருப்பது எப்படி? நானும் தோழியும் முயன்றால் இரண்டு பாட்டுகளை ஒட்டவைத்தது போலவே இருக்கிறது.
— லாஸ்பேட்டை வாசகி, புதுச்சேரி

பதில்: உங்களுக்கு வாய்ப்பாட்டுப் பயிற்சி இருப்பது என் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது. முதலில் டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிட்டாரிலிருந்து வரும் ஒலியலையை ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கினால், அலையின் மேடுகளும் பள்ளங்களும் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்படித் தட்டையாகும்போது மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் பல புதிதாகப் பிறக்கின்றன. அதுதான் அந்தக் கரகரப்பு. கூடவே இன்னொன்றும் நிகழ்கிறது: விரலால் மெல்ல மீட்டினாலும் ஓங்கி அடித்தாலும் வெளியே வரும் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடுகிறது. அகூஸ்டிக் கிட்டாரில் உங்கள் விரலின் தயக்கம் கூடக் கேட்கும்; டிஸ்டார்ஷனில் தயக்கம் கேட்காது, தீர்மானம் மட்டுமே கேட்கும்.

இதனால் விளையும் ஒன்றை நீங்கள் சுலபமாகப் புரிந்துகொள்வீர்கள். டிஸ்டார்ஷனில் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒலித்தால், அவற்றின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பாகிவிடும். ஆகவே மெட்டல் கிட்டாரிஸ்டுகள் பெரும்பாலும் இரண்டு சுரங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பவர் கார்டு என்று அவர்கள் சொல்வது நம்முடைய சட்ஜமமும் (ச) பஞ்சமமும் (ப)தான், தம்புராவின் அதே இரட்டை. அந்த இரட்டையில் காந்தாரம் (க) இல்லை. அந்தர காந்தாரமா சாதாரண காந்தாரமா என்று தெரியாதவரை அந்த ஒலி மலர்ச்சியா துயரமா என்று முடிவாகச் சொல்ல முடியாது. வலிமை என்று மட்டும் சொல்லலாம். பிறகு டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு, அதே இரட்டையை அகூஸ்டிக்கில் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டி, நடுவே காந்தாரத்தைச் சேர்க்கும்போதுதான் இதுவரை முழங்கியது எதற்காக முழங்கியது என்று நமக்குத் தெரியவருகிறது. ஓபெத் இந்த வழக்கத்தை அவ்வப்போது மீறி, அதிரும் பகுதியிலேயே காந்தாரத்தைக் கொண்டுவருவதும் உண்டு. அது தேர்ந்தவர்களுக்கான துணிச்சல், தொடக்கத்தில் வேண்டாம்.

ஒட்டுத் தெரியாமல் தைப்பதற்கு அவர்களிடம் சில பழக்கங்கள் உண்டு. அதிரப்போகும் மெட்டை முன்கூட்டியே அகூஸ்டிக்கில் ஒருமுறை காட்டிவிடுவார்கள். அது பிறகு முழக்கமாக வரும்போது புதியவராகத் தெரியாது, சட்டை மாற்றிக்கொண்டு வந்த பழையவராகத் தெரியும். அல்லது, பகுதி மாறும்போது ஒரே ஒரு சுரத்தை அறுபடாமல் நீள விடுவார்கள். தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டார் பெரும்பாலும் அந்தக் காரியத்தைச் செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் காலப்பிரமாணம். நீங்கள் அகூஸ்டிக்கில் ஒரு வேகத்திலும் எலெக்ட்ரிக்கில் இன்னொரு வேகத்திலும் வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சத்தம் கூடியதும் கை தானாக ஓடும், எல்லோருக்கும் நேர்வதுதான். இந்த இசையில் ஏழும் ஐந்தும் எண்ணிக்கையாக வரும் இடங்கள் நிறைய உண்டு. அவற்றை மேற்கத்தியப் பின்னமாக எண்ணிச் சிரமப்படாமல், ஏழான மிச்ர சாபுவுக்குத் ‘தகிட தகதிமி’ என்றும், ஐந்தான கண்ட சாபுவுக்குத் ‘தக தகிட’ என்றும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இரண்டு கிட்டாரிலும் வாசியுங்கள். கை மாறலாம், வாயில் ஓடும் சொற்கட்டு மாறக் கூடாது. ஒரு மாதத்தில் ஒட்டு மறையத் தொடங்கும்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பாட்டின் தலையில் ஒரு நிமிடம் அகூஸ்டிக்கை வைத்துவிட்டுப் பிறகு அதன் நினைவே இல்லாமல் ஆறு நிமிடம் இடிக்கிற குழுக்கள் ஏராளம். இலையின் ஓரத்தில் வைத்த ஊறுகாயைப் போல, இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. ஓபெத் 2009-ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் வாசித்தபோது புதுச்சேரியிலிருந்து பேருந்து ஏறிப் போனவர்களில் நானும் ஒருவன். அன்று கூட்டம் ஆர்ப்பரித்ததைவிட, மெல்லிய பகுதி வந்தவுடன் அத்தனை பேரும் வாய் மூடியதுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

கேள்வி: நான் பாட்டு வாத்தியார். என்னிடம் கற்கும் பையன் ஒருவன் இந்த உறுமலைப் பழகுகிறான். தொண்டை கெட்டுவிடாதா? தடுக்கட்டுமா?
— வில்லியனூர் வாசகர்

பதில்: தெரியாமல் செய்தால் கெடும், தெரிந்து செய்பவர்கள் பல ஆண்டுகள் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் குரல்நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல்நாண்கள் என்ற இரண்டு மடிப்புகள் உண்டு. வழக்கமான பாட்டில் அவற்றுக்கு வேலையில்லை. உறுமலில் அவற்றைத்தான் அதிரவிடுகிறார்கள். மங்கோலியாவை ஒட்டியுள்ள, ரஷ்யாவைச் சேர்ந்த துவா பகுதிப் பாடகர்களின் ‘கர்கிரா’ என்ற அடிக்குரல் பாட்டும் இதே மடிப்புகளின் வேலை. அது பரம்பரையாக வருவது. நன்கு பழகியவர் உறுமும்போது பக்கத்தில் நின்று கேட்டால், நாம் நினைக்கும் அளவுக்குச் சத்தமே இருக்காது. மூச்சைக் கட்டி வெளிவிடுவது அவருடைய வேலை, பெரிதாக்குவது மைக்கின் வேலை. பையனுக்கு வலியோ அரிப்போ வந்தாலும், மறுநாள் பேச்சுக் குரல் கம்மினாலும் அவன் தவறாகச் செய்கிறான் என்று பொருள். அப்போது நிறுத்தச் சொல்லுங்கள், குறையாவிட்டால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். மற்றபடி, விடிய விடியத் தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டி அடித்தொண்டையில் முழங்குபவரை நாம் யாரும் தடுத்ததில்லையே.

கேள்வி: நான் தமிழாசிரியை. என் மகள் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ என்ற ஆல்பத்தைக் கேட்கவைத்து அதன் கதையையும் சொன்னாள். முற்பிறவியில் கொலையுண்ட பெண், இப்பிறவியில் அதைக் கனவாகக் காணும் ஒருவன் என்று கதை விரிந்தபோது எனக்குப் பாரதியாரின் குயில் பாட்டு நினைவுக்கு வந்தது. ‘எதைக் கேட்டாலும் உனக்குப் பாரதிதான் அம்மா’ என்று மகள் சிரிக்கிறாள். நான் மிகைப்படுத்துகிறேனா?
— முத்தியால்பேட்டை வாசகி, புதுச்சேரி

பதில்: இல்லை அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே குயில் பாட்டை எடுத்து மறுபடி படித்தேன். அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இருப்பதாகச் சொல்ல முகாந்திரம் இல்லை. ஒன்று, 1908 முதல் 1918 வரை நம் ஊரில் அடைக்கலம் புகுந்திருந்த கவிஞர் எழுதியது. மற்றது அமெரிக்காவின் ட்ரீம் தியேட்டர் குழு 1999-ல் வெளியிட்டது. ஆனாலும் எலும்புக்கூடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கிறது.

ஆல்பத்தைக் கேட்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிக்கலஸ் என்பவனுக்கு ஒரு பெண்ணைப் பற்றிய கனவு ஓயாமல் வருகிறது. மனோவசிய வைத்தியர் ஒருவர் அவனை உறக்கத்தில் ஆழ்த்திப் பின்னோக்கி அழைத்துச் செல்ல, 1928-ல் கொலையுண்ட விக்டோரியா என்ற பெண்தான் முற்பிறவியில் தான் என்று அவனுக்குத் தெரியவருகிறது. அவளைச் சுற்றி ஜூலியன், எட்வர்ட் என்ற இரு சகோதரர்கள். ஜூலியன் அவளைக் கொன்றுவிட்டுத் தானும் இறந்தான் என்று அன்றைய செய்தித்தாள் எழுதியது. இருவரையும் கொன்றவன் எட்வர்ட் என்பது பின்னால் வெளிப்படும் உண்மை. நிக்கலஸ் மன அமைதியோடு வீடு திரும்புகிறான். வைத்தியர் பின்தொடர்ந்து வருகிறார். எட்வர்டின் மறுபிறவி அவர்தான். கண்ணைத் திற என்று அவர் சொல்லும் குரலோடு கதை முடிந்து, இசைத்தட்டின் இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது.

இப்போது குயில் பாட்டின் மாஞ்சோலைக்கு வருவோம். அங்கேயும் காண்பவனுக்குத் தன் முற்பிறவி தானாக நினைவுக்கு வரவில்லை. குயில் சொல்லித்தான் தெரிகிறது, குயிலுக்கோ பொதிகை மலை முனிவர் சொல்லித்தான் தெரிகிறது. அங்கேயும் ஒரு பெண்ணைச் சுற்றி ஆண்கள். வேடர் தலைவன் மகள் சின்னக்குயிலியை மாடனும் நெட்டைக்குரங்கனும் சேர இளவரசனும் விரும்ப, மூவருமே வெட்டுண்டு சாய்கிறார்கள். அங்கேயும் பழைய பகை புதிய உடம்பில் வருகிறது. மாடன் மாடாகவும் நெட்டைக்குரங்கன் குரங்காகவும். இரண்டின் இறுதியிலும் விழிப்பு உண்டு, வேறுபாடும் அங்கேதான் பிறக்கிறது. பாரதியார் கண் விழித்தால் பக்கத்தில் பழைய சுவடியும் எழுதுகோலும் பத்திரிகைகளும் பாயும் கிடக்கின்றன. எல்லாம் பகற்கனவு, நாமும் அவருடன் சேர்ந்து இலேசாகச் சிரிக்கிறோம். நிக்கலஸ் விழித்தால் கனவு அவன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. ஒருவர் கனவைக் கலைத்து நம்மைக் காப்பாற்றுகிறார், மற்றவர்கள் கலைக்க மறுக்கிறார்கள்.

இந்தப் பகுதியின் பொருளுக்கு நெருக்கமான இன்னொன்றையும் உங்கள் கடிதம் எனக்குக் காட்டிக்கொடுத்தது. குயில் பாட்டு பெரும்பாலும் கலிவெண்பாவில் ஓடுகிறது. காதல், கேலி, கொலை எல்லாவற்றையும் அந்த ஒரே யாப்பு சுமக்கிறது. குயில் பாடும் இடத்தில் மட்டும் பாரதியார் சங்கராபரணம், ஏகதாளம் என்று குறித்துச் சந்தத்தை மாற்றுகிறார். நீண்ட ஓட்டத்துக்கு நடுவே ஒரு சின்ன இடம் வேறு விதமாக ஒலிக்கிறது. கதையின் உயிரும் அந்தச் சின்ன இடத்தில் இருக்கிறது. ட்ரீம் தியேட்டர் செய்வதும் அதுவே, வாத்தியங்களால். ஆல்பத்தின் முதல் இரண்டு நிமிடங்கள் வைத்தியரின் பேச்சும் நிக்கலஸின் பாட்டும் ஓர் அகூஸ்டிக் கிட்டாரும்தான். முதல் பாகத்தின் முடிவில், விக்டோரியாவின் கல்லறை முன் நிக்கலஸ் நிற்கும் பாடலில் எல்லா ஆர்ப்பாட்டமும் அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டாம் பாகத்தில், தாளக்கணக்கு நூறு தடவைக்கு மேல் மாறும் ஆறு நிமிட வாத்திய இசை ஒன்று வருகிறது. விரல் வித்தையை ரசிப்பவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் பாதி போதும் என்று தோன்றும். 77 நிமிட ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது கல்லறைக்குத்தான்.

மகளிடம் சொல்லுங்கள்: அம்மா மிகைப்படுத்தவில்லை. அவள் குயில் பாட்டை முழுவதும் படித்திருக்கிறாளா என்றும் கேளுங்கள்.

கேள்வி: பாகூரிலிருந்து தினமும் கடலூருக்குப் பேருந்தில் போய்வருகிறேன். இந்த ஆல்பங்களைப் பயணத்தில் கேட்டால் பாதி கேட்கவே இல்லை. காதுக்கும் கெடுதி என்கிறார்கள். எப்படிக் கேட்பது?
— பாகூர் வாசகர்

பதில்: பேருந்து இந்த இசைக்கு எதிரி. என்ஜின் இரைச்சலில் மெல்லிய பகுதி மூழ்கிவிடும்; நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள்; ஒரு நிமிடத்தில் முழக்கம் வந்து காதில் அறையும்; குறைக்க மறந்துவிடுவீர்கள். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது தொழிற்கூடங்களில் பின்பற்றப்படும் வரம்புகளில் ஒன்று. அந்தக் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான், அதாவது ஒரே ஒரு ‘ஸ்டில் லைஃப்’. ஆகவே வீட்டில், இரவில், மின்விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கேளுங்கள். மிக மெல்லிய பகுதி சிரமமில்லாமல் கேட்கும் அளவுக்கு ஒலியை ஒருமுறை வைத்துவிட்டுப் பிறகு கை வைக்காதீர்கள். செயலியில் பாடல் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் வசதியை அணைத்துவிடுங்கள்; கூத்தில் பதினெட்டாம் போரை முதலில் பார்த்துவிட்டுச் சூதாட்டத்தைப் பிறகு பார்ப்பவர் உண்டா?

கேள்வி: நாங்கள் நால்வர். 2011 தானே புயலை வைத்துத் தமிழில் ஒரு கான்செப்ட் ஆல்பம் செய்ய ஆசை. புயலுக்கு மெட்டல், புயலுக்குப் பிந்தைய சோகத்துக்கு அகூஸ்டிக் என்று பிரித்திருக்கிறோம். ஆனால் யார் கதையைச் சொல்வது என்பதில் எங்களுக்குள் சண்டை. முதல் பாடலை ஜூன் 21 இசைத் திருநாளில் தெருவிலேயே பாடிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். ஆலோசனை தேவை.
— அரியாங்குப்பம் இளைஞர்கள்

பதில்: தம்பிகளே, பொருளைச் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள், பிரித்த விதம்தான் எனக்கு உடன்பாடில்லை. புயல் என்றால் சத்தம், சோகம் என்றால் மெல்லிசை என்பது முதல் நிமிடத்திலேயே யாரும் ஊகித்துவிடும் பிரிவினை. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை அனுபவித்த உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காற்று அடித்தபோது இருந்த பயத்தைவிட, அது ஓய்ந்தபோது வந்த பயத்தைத்தான் பலர் சொல்வார்கள். புயலின் கண் கடக்கும் இடத்தில் காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்தது என்று கதவைத் திறந்தவர்களை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வந்து அடிக்கும். உங்கள் அகூஸ்டிக் பகுதியை அங்கே வையுங்கள். ஒரே ஒரு கிட்டார், ஒரு குரல், கேட்பவருக்கு அடுத்து வரப்போவது தெரியும், பாடுபவனுக்குத் தெரியாது. அப்படி வைத்தால் அந்த மென்மையே ஆல்பத்தின் மிகக் கொடிய இடமாக இருக்கும். முழக்கத்தை விடிந்த பிறகு வையுங்கள்: பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு கிடப்பதைப் பார்த்தவனுக்கு வரும் கோபத்துக்கு.

யார் சொல்வது என்ற சண்டைக்கு நெதர்லாந்தின் இசைக்கலைஞர் ஆர்ஜன் லூக்காசன் ஒரு வழி காட்டியிருக்கிறார். பல பாடகர்களைச் சேர்த்து அவர் நடத்தும் ஏரியான் என்ற இசைத் திட்டத்தில் 2004-ல் வந்த ‘தி ஹியூமன் ஈக்வேஷன்’ ஆல்பத்தில், விபத்தில் நினைவிழந்து கிடக்கும் ஒருவனின் இருபது நாள்கள் இருபது பாடல்களாகின்றன. பாடகர்கள் பதினொரு பேர்; அவனுடைய அச்சம், ஆத்திரம், கர்வம், அன்பு என்று ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு குரல். அச்சமாகப் பாடுபவர் ஓபெத்தின் அதே ஓகர்ஃபெல்ட். புல்லாங்குழலும் வயலினும் செல்லோவும் கனத்த கிட்டார்களோடு சேர்ந்து வருகின்றன. நீங்கள் நால்வர்தான், எனவே ஒரு மரம், ஒரு மீனவர், ஒரு பிள்ளை, காற்று என்று நான்கு குரல் போதும், சண்டையும் தீரும். நம் பக்கத்து முன்னுதாரணம் வேண்டுமென்றால், சிங்கப்பூரில் இந்திய வம்சாவளியினர் நடத்தும் ருத்ரா குழு 2005 முதல் 2011 வரை ‘பிரம்மவித்யா’ என்ற தலைப்பில் மூன்று ஆல்பங்களை ஒரே தொடராக வெளியிட்டது, அதைக் கேளுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு சொல். உறுமலில் உயிரெழுத்துகள் மங்கிவிடும், வல்லினம் மட்டுமே தப்பிக்கும். ஆகவே உறுமும் வரிகளில் க, ட, ற ஒற்று மிகும் சொற்களை வையுங்கள். நீளும் நெடில்களை அகூஸ்டிக் பகுதிக்குச் சேமித்துக்கொள்ளுங்கள். பறையும் சேர்க்கலாம் என்றால், வாசிப்பவரை ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே உட்காரவைத்துச் சேருங்கள். கடைசியில் அலங்காரத்துக்கு ஒட்டினால் ஒட்டாது.

இசைத் திருநாளன்று திறந்தவெளியில் அகூஸ்டிக் கிட்டாரை ஒலிபெருக்கினால் கிட்டாரின் வயிற்றுத் துளைக்குள் ஒலி புகுந்து ஊளையிடும்; துளையை மூடும் ரப்பர் மூடி வாத்தியக் கடைகளில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். மைக் செட்காரரை முந்தைய நாளே சந்தித்து, கிட்டாரும் குரலும் மட்டும் ஒலிக்கும் அந்தப் பகுதியில் ஒலியைக் கூட்ட வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், பாவம் பையன்களின் பாட்டு கேட்கவில்லையே என்ற நல்லெண்ணத்தில் அவர் கூட்டிவிடுவார்.